ரோஸ்விதாவும் நான்காம் பிரிவும்

எங்கள் சங்கத்தின் பெயர் கிழக்கு பெர்லின் நிலத்தடி ஒலிக் கழகம். நீதிமன்றத்தில் முறைப்படி பதிவு செய்யப்பட்டது. தலைவர், பொருளாளர், செயலாளர், இரண்டு தணிக்கையாளர்கள், ஆண்டறிக்கை, ரப்பர் முத்திரை எல்லாம் உண்டு. எங்களைப் பொதுநல அமைப்பாக ஏற்று வரி அலுவலகம் எழுதிய கடிதத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறோம். நிலத்தடியில் இயங்குகிறவர்களுக்கு இவ்வளவு காகிதம் எதற்கு என்று வெளியூர்க்காரர்கள் கேட்பதுண்டு. காகிதம் இல்லாமல் இயங்கினால் சட்டவிரோதம் ஆகிவிடாதா என்று திருப்பிக் கேட்போம். அதோடு பேச்சு முடிந்துவிடும்.

கூடுகிற இடம் மூன்றாம் மாடி. ஆரம்பத்தில் நிலவறையில்தான் கூடினோம். ஈரம் ஏறி இசைத்தட்டு உறைகளில் பூஞ்சை பூத்தது. நாற்பது பேருக்கு மேல் கீழே ஆடக்கூடாது என்று தீயணைப்புக்காரர்களும் வந்து சொல்லிவிட்டார்கள். ஆகவே நிலத்தடி அப்படியே பழைய மின்விளக்குத் தொழிற்சாலையின் மூன்றாம் மாடிக்குக் குடியேறியது. ஞாயிறுதோறும் மதியம் இரண்டு மணிக்கு ஆட்டம். சின்தசைசரும் தாள எந்திரமும் போடுகிற சத்தத்துக்கு ஆடுவோம், நடுவில் காபி குடிப்போம், கேக் தின்போம். உறுப்பினர்களில் பெரும்பாலோர் ஐம்பதைத் தாண்டியவர்கள். ஆறரைக்கு முடித்துத் தரையைப் பெருக்கிவிட்டுப் போனால்தான் மறுநாள் முழங்கால் ஒத்துழைக்கும்.

எங்கள் விதிகளில் உயிர்நாடி நான்காம் பிரிவு. எது நிலத்தடி இசை என்பதை அது ஐயத்துக்கு இடமில்லாமல் வரையறுக்கிறது. ஓர் இசைத்தட்டு முந்நூறு பிரதிக்கு மேல் போகக்கூடாது. நடுவில் ஒட்டும் வெள்ளைத் தாளில் கையால் குத்திய முத்திரை தவிர எழுத்தோ எண்ணோ இருக்கக்கூடாது. பார்கோடு கூடாது. பால் விற்கிற எந்தக் கடையிலும் தட்டை விற்கக்கூடாது. பெரிய கடைகளை எப்படி வரையறுப்பது என்று 1998இல் நான்கு ஞாயிறுகள் விவாதித்து, கடைசியில் பாலில் வந்து நின்றோம். இந்த விதியை மீறி வணிக முறையில் இசை வெளியிடும் உறுப்பினர் நீக்கப்படுவார்.

இருபத்தைந்து ஆண்டுகளில் இந்தப் பிரிவின்கீழ் யார்மீதும் குற்றச்சாட்டு வந்ததில்லை. எங்கள் இசையை வணிக முறையில் வெளியிட யாரும் கேட்டதில்லை என்பதும் அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். முதல் குற்றச்சாட்டு சென்ற ஆண்டு ரோஸ்விதா நோவாக் மீது வந்தது.

ரோஸ்விதா ட்ராம் ஓட்டுகிறவர். பெர்லினின் கோபனிக் பகுதியில் பிறந்தார். இருபத்தோரு வயதில் ட்ராமின் கைப்பிடியைப் பிடித்தவர், ஐம்பத்தாறு வயதுவரை விடவில்லை. நடுவில் ஒரு நாடு காணாமல் போனது, ஒரு கணவர் வந்து இரண்டே ஆண்டில் போனார். ரோஸ்விதாவின் ட்ராம் மட்டும் நேரத்துக்கு வந்தது. அவருடைய வண்டியைப் பார்த்துக் கைக்கடிகாரத்தைத் திருத்திக்கொள்கிறவர்கள் அந்தத் தடத்தில் இன்றும் இருக்கிறார்கள். எந்த வளைவில் எந்த வேகம் என்பது அவருக்கு உடம்பிலேயே ஊறிய விஷயம். அப்பேர்ப்பட்டவருக்கு வாழ்க்கையில் இருந்த ஒரே மனக்குறையும் வேகத்தைப் பற்றியதுதான்.

பெர்லின் சுவர் விழுந்த பிறகு, கல்யாண வீடுகளில் வாசித்துக்கொண்டிருந்த ஒருவரிடமிருந்து ஒரு பழைய தாள எந்திரத்தை வாங்கினார். சமையலறை மேசையில் வைத்து, பணி முடிந்த பிற்பகல்களில் தட்டிக்கொண்டிருப்பார். 1996இல் ஒரு நாள் அதன் ஒரு பொத்தான் சிக்கிக்கொண்டது. அவிழ்த்துவிட்ட கன்றுக்குட்டி மாதிரி எந்திரம் தன் போக்கில் துள்ளி ஓடத் தொடங்கியது. நிறுத்தப் பார்த்தார், நிற்கவில்லை. அதைப் பார்த்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஒலிவாங்கி திறந்திருந்ததால் சிரிப்பும் பதிவாகிவிட்டது. கேட்டுப் பார்த்தபோது அதுவே பாட்டாக இருந்தது. மேலே கொஞ்சம் சின்தசைசர் மட்டும் சேர்த்தார்.

முந்நூறு பிரதி அடித்தார். நிமிடத்துக்கு நாற்பத்தைந்து சுற்று ஓடவேண்டிய தட்டு அது. ஆனால் அந்த நாளிலேயே எங்கள் வழக்கம் கடுமையானது. பேர் போடக்கூடாது, எண் போடக்கூடாது. ரோஸ்விதா ஓர் உருளைக்கிழங்கை இரண்டாக நறுக்கி, வெட்டிய முகத்தில் ஒரு வட்டமும் ஒரு கோடும் செதுக்கி, மையில் தோய்த்து முந்நூறு தாளிலும் குத்தினார். மற்றப் பாதியை அவித்து ஆளிவிதை எண்ணெய் ஊற்றிச் சாப்பிட்டார். இருநூற்று அறுபது குத்துக்குப் பிறகு கிழங்கு தளர்ந்துவிட்டது. கடைசி நாற்பது பிரதிகளில் முத்திரை வாத்து மாதிரி இருக்கும். அந்த வாத்துகளுக்காகச் சேகரிப்பாளர்கள் ஒருவரையொருவர் வெட்டிக்கொள்ளத் தயாராக இருக்கிறார்கள்.

யோர்ன் என்பவர் அதே ஊரின் லிஷ்டன்பெர்க் பகுதியில் இசைத்தட்டுக் கடை வைத்திருக்கிறார். எங்கள் கழகத்தின் நிறுவனர்களில் ஒருவர். நிலத்தடியின் மனசாட்சி என்று அவரை எல்லாரும் சொல்வார்கள். முதலில் சொன்னவர் அவர்தான். தட்டு அடித்த ஆண்டில் ஒரு நாள் காலை அவர் கடை வாசலில் பெயரில்லாத பெட்டி கிடந்தது. உள்ளே உருளைக்கிழங்கு முத்திரையோடு இருபது தட்டுகள். ஒன்றை எடுத்து இசைத்தட்டு எந்திரத்தில் வைத்தார். நவம்பர் மாதம், வெளியே தூறல், அவருக்கு வேறு அப்போதுதான் காதல் முறிந்திருந்தது. அந்த மனநிலையில் ஒரு மனிதனின் விரல் எந்தப் பொத்தானுக்குப் போகும்? மெதுவாகச் சுற்றவைக்கும் முப்பத்து மூன்றை அழுத்தினார்.

கன்றுக்குட்டி, சேற்றில் கால் புதைந்த கிழ எருமை ஆனது. சிரிப்பு வந்த இடத்தில் ஒரு முதியவர் நெஞ்சு அடைத்துத் தேம்புவதுபோல் கேட்டது. யோர்ன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கடையில் நான்கு வாடிக்கையாளர்கள். அவர்களில் ஒருவர் ரோஸ்விதா. தன் பாட்டு எப்படி எடுபடுகிறது என்று பார்க்க, ஏதோ வாங்க வந்தவர்போல அலமாரி ஓரமாக நின்றுகொண்டிருந்தார்.

"இது அழுகை," என்றார் யோர்ன். "மூடிப்போன கேபிள் ஆலையோட அழுகை."

ரோஸ்விதா வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டார். சொன்னால் படைத்தவர் யார் என்று தெரிந்துவிடும்; அது வழக்கத்துக்கு விரோதம். அதோடு, கண்ணீர் விடுகிற மனிதனிடம் போய், பக்கத்துப் பொத்தானை அழுத்துங்கள் என்று எப்படிச் சொல்வது? இது அவர் பின்னாளில் எங்களிடம் சொன்ன விளக்கம்.

அவ்வளவுதான், அந்தத் தட்டின் விதி எழுதப்பட்டுவிட்டது. பேரில்லாத பாட்டுக்கு 'ஆலையின் அழுகை' என்று யோர்ன் பேர் வைத்தார். அதைப் பற்றி நாற்பத்திரண்டு பக்கத்தில் கட்டுரை எழுதி அச்சிட்டார். அந்தத் தேம்பல் ஒரு நூற்றாண்டின் மூச்சிறைப்பு என்று பதினேழாம் பக்கத்தில் நிறுவியிருக்கிறார். எங்கள் ஞாயிற்றுக்கிழமைகளின் கடைசிப் பாட்டாக அதுவே நிலைத்தது. விளக்கைக் குறைத்து, கண்ணை மூடி, ஆடாமல் அசையாமல் நிற்போம். மூன்று உறுப்பினர்களின் இறுதிச் சடங்கில் அது ஒலித்தது. மூன்றுக்கும் ரோஸ்விதா மலர் வளையத்தோடு வந்திருந்தார். தன்னுடைய சிரிப்புக்கு நாங்கள் தேம்பித் தேம்பி அழுததைத் தலை குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

இத்தனைக்கும் அவரும் கழகத்தின் உறுப்பினர்தான். கசகசா கேக் கொண்டுவருகிற ட்ராம்காரம்மா என்றுதான் அவரை எங்களுக்குத் தெரியும். உருளைக்கிழங்குத் தட்டைச் செய்தவர் ஒல்லியான, வேலையிழந்த, இருமுகிற ஆண் என்பதில் யோர்னுக்கு ஐயமே இருந்ததில்லை. கட்டுரையில் இருமலுக்குத் தனி அத்தியாயமே உண்டு.

ரோஸ்விதாவுக்குப் புகழ் வேண்டாம், பேர் வேண்டாம். அந்தப் பாட்டு அதன் வேகத்தில் ஓடி, அதற்கு ஒரு தடவை மனிதர்கள் ஆடிப் பார்க்கவேண்டும். அது ஒன்றுதான் அவருக்கு ஆசை. 2009இல் ஒருமுறை அது கிட்டத்தட்ட நடந்தது. எங்கள் தலைவர் எக்கேஹார்ட், பல் கட்டுகிற தொழில்நுட்பர், அன்று தட்டு மாற்றிக்கொண்டிருந்தார். சட்டைக் கை பட்டு நாற்பத்தைந்து அழுந்திவிட்டது. நான்கு விநாடி. அந்த நான்கு விநாடியில் தன் இடது கால் தானாக எழும்பியதையும், பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத ஒரு பெண்ணின் கால் எழும்பியதையும் ரோஸ்விதா பார்த்தார். அதற்குள் கூட்டம் சீறியது. எக்கேஹார்ட் பதறிப்போய் வேகத்தைக் குறைத்தார். அடுத்த செய்தி மடலில் மன்னிப்பும் கேட்டார். பதினான்கு ஆண்டுகளாக ரோஸ்விதா அந்த நான்கு விநாடியை வைத்துக்கொண்டு வாழ்ந்தார்.

இந்த நிலையில்தான் ஹாம்பர்கிலிருந்து டெர்யா என்ற பெண் தொலைபேசியில் அழைத்தார். பழைய பாட்டுகளை மறுபதிப்பு செய்கிற ஒரு கம்பெனி நடத்துகிறவர். தட்டு அடித்த ஆலையின் பழைய ரசீது ஒன்றைப் பிடித்து ரோஸ்விதாவைக் கண்டுபிடித்திருந்தார். கம்பெனிக்காரி என்றதும் ரோஸ்விதா தொலைபேசியை வைக்கப்போனார். பேர் போடவேண்டும், பார்கோடு போடவேண்டும், எல்லாக் கடைக்கும் போகும் என்றெல்லாம் டெர்யா ஒளிக்காமல் சொன்னார்.

"வேற என்ன போடுவீங்க?" என்று கேட்டார் ரோஸ்விதா.

"வேறன்னா... வருஷம், ஊரு, எத்தனை சுத்துன்னு ஒரு நம்பர். வழக்கமா போடறதுதான்."

ரோஸ்விதா தொலைபேசியை மறுகாதுக்கு மாற்றிக்கொண்டாராம். "அந்த நம்பரைப் பெருசா போட முடியுமா?"

"எவ்வளவு பெருசா?"

"எட்ட நின்னு பார்த்தா தெரியணும்."

இப்படியாக, ட்ராம் நிறுத்தப் பலகை அளவு எழுத்தில் நாற்பத்தைந்து என்று போடுவதற்காக ஒரு பெண்மணி இருபத்தேழு ஆண்டு மறைவு வாழ்க்கையைக் கைவிட்டார். ஒப்பந்தத்தின் மற்றப் பக்கங்களை அவர் படிக்கவே இல்லை.

தட்டு வசந்த காலத்தில் வெளிவந்தது. யோர்ன் அதைக் கண்டுபிடித்தது மின்கெட்டில் வாங்கப்போன பெரிய கடையொன்றில். மின்கெட்டில்களுக்கும் தூசு உறிஞ்சிகளுக்கும் நடுவில், உருளைக்கிழங்கு முத்திரை அழகாக அச்சடிக்கப்பட்டு, கீழே 'ரோஸ்விதா நோவாக்' என்றும், அதற்குக் கீழே பார்கோடும் இருந்தன. யோர்ன் சுற்றுமுற்றும் பார்த்தார். பணம் கட்டும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு குளிர்பெட்டி. உள்ளே பால். மின்கெட்டில் வாங்காமல் திரும்பினார்.

அவருக்கு எது அதிகம் வலித்தது, வணிகமா, இருமுகிற மனிதன் கசகசா கேக் அம்மாவாக மாறியதா என்பதைப் பற்றி எங்களுக்குள் இருவேறு கருத்துகள் உண்டு. அவர் எழுத்தில் கொடுத்த புகாரில் பால்தான் முதலிடத்தில் இருந்தது.

நவம்பர் மாதம் பொதுக்குழு கூடியது. ஞாயிறு, மதியம் இரண்டு மணி. முப்பத்தெட்டு பேர் வந்திருந்தோம். நிகழ்ச்சி நிரலில் ஆறாவது, காபி எந்திரத்துக்கு உப்புக்கறை நீக்கி வாங்குவது. அதற்கு ஐம்பது நிமிடம் ஆனது. ஏழாவது, ரோஸ்விதா. குற்றம் சாட்டப்பட்டாலும் கேக் கொண்டுவந்திருந்தார். அவரை எதிர்த்தவர்கள்கூட இரண்டாம் துண்டு எடுத்துக்கொண்டார்கள்.

அவருக்குத் தண்டனையைப் பற்றிக் கவலையில்லை என்று சொல்ல முடியாது. நீக்கப்பட்டால் இந்தத் தரையில் அந்தப் பாட்டு ஒருநாளும் சரியாக ஓடாது. ஊரில் வேறெங்கே போய் அதைக் கேட்பது, யார் வந்து ஆடுவார்கள்? புதுத் தட்டின் ஒரு பிரதியைக் கோட்டுக்குள் வைத்திருந்தார். எப்படியாவது இதை ஒருமுறை அந்த எந்திரத்தில் ஏற்றிவிடவேண்டும் என்பது மட்டுமே அவருடைய திட்டம்.

எக்கேஹார்ட் சபை நடத்தும்போது மட்டும் எல்லாரையும் 'நீங்க' என்பார். மணியை அடித்தார்.

"திருமதி நோவாக், நீங்க குற்றத்தை ஒப்புக்கறீங்களா?"

"எக்கேஹார்ட், நேத்து என்கிட்ட சைக்கிள் பம்ப் வாங்கிட்டுப் போனியே, அப்ப நான் ரோஸ்விதாவாத்தானே இருந்தேன்?"

"சபையில பம்ப் பத்திப் பேச இடமில்ல."

"சரிங்க ஐயா. ஒப்புக்கறேன்."

யோர்ன் எழுந்தார். கம்பெனி வெளியிட்ட கணத்திலேயே ஒரு பாட்டு செத்துவிடுகிறது, அப்புறம் கடையில் இருப்பது அதன் பிணம் என்று கால் மணி நேரம் பேசினார். சிலர் தலையாட்டினார்கள். முந்நூறு தட்டை நாமும் விற்கத்தானே செய்தோம், சும்மாவா கொடுத்தோம் என்று பின்வரிசையில் ஒருவர் முணுமுணுத்தார். முந்நூறுவரை விற்பனை அல்ல, பகிர்வு என்று யோர்ன் தெளிவுபடுத்தினார்.

"அப்ப முந்நூத்தி ஒண்ணாவது ஆள் வந்து கேட்டா என்ன செய்யறது? கதவைச் சாத்தறதா?" என்றார் ரோஸ்விதா.

"பேச்சை மாத்தாதே. பார்கோடு இருக்கா இல்லையா?"

"இருக்கு. என் உருளைக்கிழங்கை அச்சடிச்சு உன் கடையில துணிப்பை விக்கிற. நாலாயிரம் போயிருக்குன்னு நீயே சொன்ன. தினம் அதைத் தோள்ல மாட்டிக்கிட்டு ஜனங்க என் ட்ராம்ல ஏறுது. அது எந்தத் தளத்துல வருது யோர்ன்? நிலத்தடியா, மொட்டை மாடியா?"

"பை வேற. பைங்கறது பண்பாடு."

சபை இதைக் குறித்துக்கொண்டது. ஆதாரத்தைப் பரிசீலிக்காமல் வாக்கெடுப்பு கூடாது என்று எக்கேஹார்ட் தீர்ப்பளித்தார். ரோஸ்விதா கோட்டிலிருந்து புதுத் தட்டை எடுத்துக் கொடுத்தார். தட்டை யோர்னே வாங்கி எந்திரத்தில் வைத்தார். விரல் தன் இருபத்தேழு ஆண்டுப் பழக்கப்படி முப்பத்து மூன்றுக்குப் போனது.

எருமை சேற்றில் நடந்தது. முதியவர் தேம்பினார். நாங்கள் பழக்க தோஷத்தில் கண்ணை மூடிக்கொண்டு எழுந்து நின்றோம்.

"கேட்டீங்களா?" என்றார் யோர்ன் வெற்றியோடு. "ஒரு மாத்தமும் இல்ல. அதே பாட்டை எடுத்துப் பேர் போட்டு வித்திருக்கா. இதுதான் வியாபாரம்."

"யோர்ன், அந்தத் தாள்ல என்ன எழுதியிருக்கு, படி."

யோர்ன் கண்ணாடி கொண்டுவரவில்லை. ஆனால் எழுத்து எவ்வளவு பெரியது என்றால், கண்ணாடி இல்லாமலே தெரிந்தது. தெரிந்ததும் அவர் ஓரடி பின்வாங்கினார். எக்கேஹார்ட் எட்டிப் பார்த்துப் படித்தார். "நாற்பத்தஞ்சு. அச்சுப் பிழை போலிருக்கு. கம்பெனிக்காரங்க கவனம் அவ்வளவுதான்."

"பிழை இல்ல எக்கேஹார்ட். நான் அதை நாற்பத்தஞ்சுலதான் செஞ்சேன். இருபத்தேழு வருஷமா நீங்கதான் தப்பா போட்டுக் கேட்டுட்டிருக்கீங்க."

ஒருவர் கேக்கை மெல்லாமல் வாயிலேயே வைத்துக்கொண்டிருந்தார். மூன்று இறுதிச் சடங்குகள், ஆயிரத்துச் சொச்சம் ஞாயிறுகள், பதினேழாம் பக்கம் எல்லாம் ஒவ்வொன்றாக எங்கள் நினைவில் வந்து போயின.

யோர்ன் கடைசிவரை போராடுகிறவர். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார்.

"ஒரு படைப்பைப் பத்திப் படைச்சவங்க சொல்றது ஒரு கருத்து. அதுக்கு மேல மதிப்பு கிடையாது. என்கிட்ட நாற்பத்திரண்டு பக்கம் இருக்கு."

இதைக் கேட்டதும் ரோஸ்விதாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் எங்கள் நடுவில் அப்படிச் சிரித்து நாங்கள் பார்த்ததில்லை. எங்கள் கழகம் சிரிக்கிற இடமும் அல்ல. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, நாற்காலி ஆட, மூச்சு வாங்க, விட்டு விட்டுச் சிரித்தார். அதே நேரத்தில் எக்கேஹார்ட், ஆதாரத்தை முழுமையாகப் பரிசீலிக்கவேண்டுமே என்ற கடமை உணர்வில், ஊசியைப் பாட்டின் நடுவில் வைத்து நாற்பத்தைந்தை அழுத்தினார்.

ஒலிபெருக்கியிலிருந்து அதே சிரிப்பு வந்தது. அதே விட்டு விட்டு வரும் மூச்சு, அதே கீச்சுக் குரலில் கடைசி இழுப்பு. இருபத்தொன்பது வயதுச் சிரிப்பும் ஐம்பத்தாறு வயதுச் சிரிப்பும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு மூன்றாம் மாடி முழுக்க ஓடின. எது எந்திரம், எது மனுஷி என்று பிரிக்க முடியவில்லை. யோர்ன் ஒலிபெருக்கியைப் பார்த்தார், ரோஸ்விதாவைப் பார்த்தார், மறுபடி ஒலிபெருக்கியைப் பார்த்தார். பிறகு உட்கார்ந்தார்.

"இருமல்னு எழுதிட்டேனே," என்றார் மெல்ல.

எக்கேஹார்ட் ஊசியைத் தூக்கினார். ஏழாம் பொருளை முடிக்காமல் வேறெதிலும் இறங்கக்கூடாது என்றார். ஹாம்பர்கிலிருந்து டெர்யா அனுப்பியிருந்த கடிதத்தை ரோஸ்விதா நீட்டினார். ஆயிரம் பிரதி அடித்ததில் விற்றது நாற்பத்தொன்று. அதில் பத்தொன்பது பேர், இது ஒரிஜினல் இல்லை, ஏதோ வேகமான போலி, காசைத் திருப்பிக் கொடு என்று எழுதியிருந்தார்கள். டெர்யா மிகவும் வருத்தப்பட்டிருந்தார்.

சட்டம் தெரிந்தவர்கள் கூடிப் பேசினோம். மெதுவான 'அழுகை'யை இந்த ஊரில் கேட்காத காது இல்லை. அது துணிப்பையாகவும் காபிக் கோப்பையாகவும் வீடு வீடாகப் போய்விட்டது. வேகமான பாட்டையோ, பேரும் பார்கோடும் போட்டு, பால் பக்கத்தில் வைத்து, ஆறு நாட்டுக்கு அனுப்பியும் நாற்பத்தொரு பேர்தான் கேட்டிருக்கிறார்கள். அவர்களிலும் பாதிப் பேர் நம்பவில்லை. முந்நூறு என்ற வரம்பை வைத்துப் பார்த்தால் எது மண்ணுக்கு அடியில் இருக்கிறது? கடையில் இருந்த தட்டுதான் நிலத்தடி, நாங்கள் இத்தனை காலம் நிலவறையில் பொத்திவைத்ததுதான் சந்தைச் சரக்கு என்று விதி திட்டவட்டமாகச் சொன்னது. அப்படியானால் நீக்கப்படவேண்டியவர்கள் ரோஸ்விதாவைத் தவிர மற்ற எல்லாரும். பொதுக்குழு முழுவதையும் நீக்கப் பொதுக்குழுவுக்கு அதிகாரம் உண்டா என்று பொருளாளர் கேட்டார். விதிகளில் இல்லை. ஆகவே யாரையும் நீக்குவதில்லை என்று முப்பத்தேழு வாக்குகளால் முடிவானது. யோர்ன் வாக்களிக்கவில்லை. எதிர்த்தும் போடவில்லை. இனிமேல் வெள்ளைத் தாளில் வேகத்தை மட்டும் எழுதிக்கொள்ளலாம், பென்சிலால், என்று ஒரு திருத்தமும் நிறைவேறியது.

"ஓட்டு முடிஞ்சுதா?" என்றார் ரோஸ்விதா. "அப்ப நாற்காலியை ஒதுக்குங்க."

நிகழ்ச்சி நிரலில் எட்டாம் பொருள் பாக்கி இருந்தது. பொதுக்குழு நடக்கையில் ஆடுவது முறையல்ல. எக்கேஹார்ட் யோசித்தார். ஆலையின் அழுகை ஆறு நிமிடப் பாட்டு என்பது எங்கள் எல்லாருக்கும் மனப்பாடம். "சபை ஆறு நிமிஷம் ஒத்திவைக்கப்படுது," என்று மணியை அடித்துவிட்டு, தானே ஒரு நாற்காலியைத் தூக்கினார்.

ரோஸ்விதா ஊசியைத் தொடக்கத்தில் வைத்தார். நாற்பத்தைந்தை அழுத்தினார்.

முதல் அரை நிமிடம் யாரும் அசையவில்லை. இருபத்தேழு ஆண்டுகளாகக் கண்ணை மூடி நின்ற பாட்டுக்குக் கண்ணைத் திறந்துகொண்டு என்ன செய்வது என்று எங்களுக்குத் தெரியவில்லை. பிறகு பொருளாளரின் தோள் ஆடியது. உப்புக்கறை நீக்கியை எதிர்த்து ஐம்பது நிமிடம் பேசிய அம்மாள் கையிலிருந்த கேக் தட்டோடு சுழன்றார். தாளம் காலுக்குக் கீழே துள்ளித் துள்ளி ஓடியது. பிடித்துவிடலாம் என்று ஓடினால் அது இன்னொரு பக்கம் தாவியது. சிரிப்பு வந்த இடத்தில் முப்பத்தெட்டு பேரும் சேர்ந்து சிரித்துவிட்டோம். மழைக்காலத்துக் கோட்டுகளைக் கழற்றி ஜன்னல் மேடையில் எறிந்தோம். பல்கட்டுகிற எக்கேஹார்ட் எல்லாப் பல்லையும் காட்டிக்கொண்டு ஆடினார். ரோஸ்விதா மட்டும் ஆடவில்லை. எந்திரத்தின் பக்கத்தில் நின்று, எங்கள் முகத்தைப் பார்க்காமல், கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார். வாய் எதையோ எண்ணுவதுபோல அசைந்தது.

பாட்டு நாலரை நிமிடத்தில் முடிந்துவிட்டது. வேகம் கூடினால் நேரம் குறையும் என்பது எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. சபை மறுபடி கூடுவதற்கு இன்னும் ஒன்றரை நிமிடம் இருந்தது. மூச்சு வாங்க நடுத்தரையில் நின்றுகொண்டு, ஒருவரையொருவர் பார்த்தோம். விதிப்படி அந்த ஒன்றரை நிமிடத்தில் என்ன செய்வது என்று எக்கேஹார்டுக்கும் தெரியவில்லை.

சுவர் ஓரமாக உட்கார்ந்திருந்த யோர்ன் எழுந்தார். ஆடவே இல்லை என்று நினைத்தோம், ஆனால் வியர்வையில் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. நேரே எந்திரத்துக்கு வந்தார்.

"ரோஸ்விதா, இன்னொரு தடவை போடு," என்றார். "இந்தத் தடவை நீயும் வரணும்."

ரோஸ்விதா ஊசியைத் தூக்கி விளிம்பில் வைத்தார். பொத்தானை ஒருமுறை குனிந்து சரிபார்த்துக்கொண்டார். பிறகு கோட்டைக் கழற்றி எக்கேஹார்டின் கையில் கொடுத்துவிட்டு, தரைக்கு இறங்கினார்.

எட்டாம் பொருள் இன்றுவரை விவாதிக்கப்படவில்லை.